வைதேகி கொடுக்காத காளான் சர்க்கரை

கழுத்தில் கட்டியோடு வந்து, அது டி.பி.தான் என்று தெரிந்துகொண்டு போனவரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். பயாப்ஸி முடிவுக்காக நானும் என் கணவர் அருளும் காத்திருந்த அன்று, எங்களுக்கு முன்னால் உள்ளே போன மருங்காபுரிக்காரருக்கு டி.பி. என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் அவர் மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் தீர்ந்துவிடும் என்று அருள் எழுந்துபோய் அவருக்குத் தைரியம் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. எனக்கும் அதுவாகவே இருக்கட்டும் என்று மாதாவிடம் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

அதுவாக இல்லை. எனக்கு வந்தது லிம்ஃபோமா. உடம்பில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. வழியில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று பல இடங்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் தங்கும் இடம் அது. அந்த அணுக்களில் ஒரு வகையே கட்டுமீறிப் பெருகுவதுதான் இந்த நோய். காவல்காரனே திருடனானது மாதிரி என்று டாக்டர் சொன்னார். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் என்று தெரிந்ததிலிருந்து அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வயதில் என்னைவிடச் சிறியவர், அவசரப்படாத மனிதர்.

மேலப்புதூர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் என் மகள் ஷெரின் அழுது முடித்துவிட்டு வைதேகிக்குப் போன் செய்திருந்தாள். அங்கேதான் எனக்கு முதலில் சுருக்கென்றது. என் நோயைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் அவளிடம் பேசியிருக்கிறாள்.

வைதேகி யார் என்று சொல்லவேண்டும். நானும் அவளும் எம்.எஸ்ஸி. ஒன்றாகப் படித்தோம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் அவள் வீடு. படித்து முடித்ததும் ஒரே ஆசிரியரிடம், ஒரே தலைப்பில், ஒரே மேசையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். காளானில் இருக்கும் பாலிசாக்கரைடுகள்தான் தலைப்பு. ஷெரின் வயிற்றில் வந்தபோது நான் விட்டுவிட்டு வந்தேன். யாரும் என்னை விடச் சொல்லவில்லை, மறுபடியும் போ என்று சொல்லவும் யாருமில்லை. வைதேகி தொடர்ந்தாள். இன்று ஒரு கல்லூரியில் பேராசிரியை, சொந்தமாக ஆய்வுக்கூடம். என் மகள் அவளிடம்தான் ஆராய்ச்சி மாணவி. இத்தனைக்கும் வைதேகி வாழ்நாளில் ஒரு காளானைக்கூட ருசி பார்த்ததில்லை. அவர்கள் வீட்டில் அது ஆகாது. ஆய்வுக்கூடத்தில் மூட்டை மூட்டையாக அரைப்பாள், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் நுழைவாள்.

பாலிசாக்கரைடு என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சர்க்கரை மணிகளைக் கோத்த நீளமான சரம், அவ்வளவுதான். அரிசியின் மாவுச்சத்தும் காளானின் செல்சுவரும் பெரும்பாலும் ஒரே மணியால் ஆனவை. இரண்டிலும் குளுக்கோஸ்தான், கோத்திருக்கும் விதம் வேறு. அரிசியில் மணியை மணியோடு இணைக்கும் கொக்கியை நம் எச்சிலே உடைத்துவிடும். காளானில் கொக்கி வேறு பக்கம் திரும்பியிருக்கும், நம் வயிற்றால் அதை உடைக்க முடியாது. அந்தச் சரத்துக்கு பீட்டா குளுக்கான் என்று பெயர். நீளமான தண்டில் அங்கங்கே குட்டையான கிளைகள் விட்டிருக்கும். மூன்று சரங்கள் சேர்ந்து கயிறுபோல முறுக்கிக்கொள்வதும் உண்டு. கிளைகள் எவ்வளவு நெருக்கம், தண்டு எவ்வளவு நீளம், முறுக்கு கலைந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அது உடம்பில் செய்கிற வேலை மாறுகிறது.

அந்த வேலைதான் இதில் சுவாரசியம். நம் வெள்ளை அணுக்கள் சிலவற்றின் மேல், இந்தச் சரத்தைத் தொட்டதும் அடையாளம் கண்டுகொள்ளும் புரதம் இருக்கிறது. நோய் தரும் பூஞ்சைகளின் சுவரிலும் இதே வகைச் சரம் இருப்பதால் உடம்பு அதை எதிரியின் சட்டையாகத் தெரிந்துவைத்திருக்கிறது. காளானின் சரம் பட்டாலும் பூஞ்சை புகுந்துவிட்டது என்று அந்த அணுக்கள் விழித்துக்கொள்ளும், மற்ற அணுக்களையும் கூப்பிடும். சில நாடுகளில் சில வகைக் காளான்களின் சாற்றைப் புற்றுநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. இதில் பெரும்பகுதி எனக்கு ஷெரின் பிறப்பதற்கு முன்பே தெரியும். நாங்கள் சேர்ந்து படித்தது.

பரிசோதனைகள் ஆரம்பித்தன. இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும் உறிஞ்சும்போது உயிரையே கீழிருந்து இழுப்பதுபோல் இருந்தது. உடம்பு முழுக்க எங்கெங்கே நோய் பரவியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேனும் எடுத்தார்கள். ஒவ்வொரு முடிவு வந்தபோதும் ஷெரினும் வைதேகியும் தலையோடு தலை வைத்துப் படிப்பார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். என்னிடம் வரும்போது அது சுருங்கி, “ஒண்ணும் பயப்படாதே” என்றாகிவிடும். வகுப்பில் மாணவர்களுக்கு அணு அமைப்பு சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் எலும்பு மஜ்ஜையைப் பற்றி எனக்குச் சொல்ல ஆளில்லை.

பிறகு கீமோ. கையில் ஊசியேற்றும் ஹாலில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துப் பொறாமைப்படுவோம் என்று நினைக்கிறேன். நான் மட்டும்தான் வெளியே சொல்கிறேனோ என்னவோ. நரம்பு உடனே கிடைக்கிறவர்கள்மேல் பொறாமை. ஊசி ஓடும்போதே இட்லி சாப்பிடுகிறவர்கள்மேல் பொறாமை. கடைசித் தவணை முடித்து நர்ஸுகளுக்கு லட்டு கொடுத்தவரின் லட்டை நான் வாங்கிக்கொண்டு குப்பையில் போட்டேன். ஆனால் அவர்கள்மேல் வந்ததெல்லாம் வீட்டுக்குப் போனால் அடங்கிவிடும். வைதேகிமேல் வந்தது அடங்கவில்லை. கல்லூரி முடிந்து, காவேரிப் பாலம் தாண்டி, பின்னலில் மல்லிகை வாடாமல் அவள் வந்து நிற்பாள். நான் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அருள்கூட, ஒரு சந்தேகம் என்றால், வைதேகி வரட்டும் கேட்டுக்கலாம் என்பார். எனக்குக் கஞ்சி வைத்து, கால் பிடித்துவிட்டு, பொன்மலைக்கு வேலைக்கும் போய் வந்த மனிதர் அவர். அவரைக் குறை சொல்லக்கூடாது. சொன்னேன்.

இரண்டாவது தவணைக்குப் பிறகு என் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோயின. கீமோ கெட்ட அணுக்களோடு நல்லவற்றையும் கொல்லும், கொஞ்ச நாளில் திரும்ப வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குத் திரும்ப வருவதற்குத் தாமதமானது. அன்று மாலை வைதேகி வந்தபோது, ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து வைத்திருக்கும் குளுக்கானில் எனக்குக் கொஞ்சம் கொடு என்று கேட்டேன்.

முடியாது என்றாள். அது எலிக்கும் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்லுக்கும் செய்தது, மனுஷாளுக்கு இல்லை என்றாள். ஒரு நிமிடம் யோசித்து இன்னொன்றும் சொன்னாள். வியாதியே நோயெதிர்ப்பு அணுவில் வந்திருக்கும்போது அந்த அணுக்களை உசுப்பிவிடுவது நல்லதா கெட்டதா என்று யாரால் சொல்ல முடியும் என்றாள்.

நியாயமான பதில். ஷெரின் பக்கத்திலிருந்து தலையாட்டினாள். எனக்கு அந்தத் தலையாட்டல்தான் பொறுக்கவில்லை. வைதேகியின் சொந்தத் தங்கை கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன். என்னிடம் இல்லாத எல்லாம் அவளிடம் இருக்கிறது, அதில் ஒரு சிட்டிகை கொடுக்க மனம் வரவில்லை என்று நினைத்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவருக்கு வையம்பட்டிப் பக்கம் ஊர். அவர் தம்பி சிப்பிக் காளான் வளர்த்து, விற்காததைக் காயவைத்துப் பொடியாக்கி விற்கிறார். ஒரு போன்தான், பொடி வீட்டுக்கு வந்துவிட்டது. வெந்நீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கரையக்கூடிய குளுக்கான் தண்ணீரில் இறங்கும். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் நானும் வைதேகியும் முதலில் கற்றுக்கொண்ட வேலை அதுதான். அருளிடம் டீச்சர் கொடுத்த சத்து சூப் என்று சொன்னேன். அவர் தினமும் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தார். வேறெதுவும் இறங்காத என் தொண்டையில் அது இறங்குகிறது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது தவணை முடிந்ததும் வாய் முழுக்கப் புண். கீமோ வேகமாக வளரும் அணுக்களைத்தான் தேடித் தாக்கும், வாயிலும் குடலிலும் உள்ளே போர்த்தியிருக்கும் தோல் அப்படிப்பட்டது. அதோடு காய்ச்சலும் வந்தது. வெள்ளை அணு இல்லாத நேரத்தில் வரும் காய்ச்சலை மருத்துவமனையில் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. தனி அறையில் போட்டார்கள். உள்ளே ஒருவர்தான் இருக்கலாம். அருள் இருந்தார், ஃபிளாஸ்கும் இருந்தது.

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. ஒருநாள் மத்தியானம் அதன் வழியாகப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் ஷெரினும் வைதேகியும் ஒரே டப்பாவிலிருந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வைதேகி ஏதோ சொல்ல ஷெரின் சிரித்தாள். நான் செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். அந்தப் பெஞ்சில் என் இடம் காலியாகக்கூட இல்லை. அதை இப்போது எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது.

ஆன்டிபயாடிக் ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் ஷெரினையும் உள்ளே கூப்பிட்டு எங்களிடம் பேசினார். பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், எதிர்ப்பு இல்லாத உடம்பில் அது நுரையீரலைப் பிடித்தால் ஆபத்து என்றார். பூஞ்சையின் சுவரிலிருந்து உதிரும் ஒரு பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை உண்டு, மாதிரியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றார். அந்தப் பொருளின் பெயரையும் சொன்னார். பீட்டா குளுக்கான்.

நாட்டு மருந்து, லேகியம் மாதிரி எதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஷெரின் முந்திக்கொண்டு, அதெல்லாம் இல்லை டாக்டர், எங்க வைதேகி மேம் கண்டிப்பா வேண்டாம்னு சொல்லியிருக்காங்க என்றாள். எனக்கு வாய்ப்புண். பேசாமலிருப்பது சுலபமாக இருந்தது.

முடிவு பாசிட்டிவ் என்று வந்தது. பூஞ்சைக்கான மருந்தை ஆரம்பித்தார்கள். அது ஏறும்போது உடம்பு தூக்கிப் போடும், அருள் என் இரண்டு தோள்களையும் அழுத்திப் பிடித்துக்கொள்வார். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால் தினமும் இரத்தம் எடுத்தார்கள். அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். கீமோ தள்ளிப்போனால் கட்டிக்கு அவகாசம் கிடைக்கும். இதையெல்லாம் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வைதேகிக்குத் தெரியும், ஷெரின் என்னைப் பார்க்கிற பார்வை மாறும். அதைவிடச் சிறுநீரகம் போகட்டும் என்று இருந்தேன். புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

முடிவு வந்த மறுநாள் காலை அருள் குளிக்க வீட்டுக்குப் போனார், ஷெரின் உள்ளே வந்து உட்கார்ந்தாள். வைதேகிக்குப் போன் போட்டு முடிவைச் சொன்னாள். பிறகு ஷெரின் என்னிடம் திரும்பி, “அம்மா, நீ என்ன சாப்பிடறேன்னு மேம் கேக்கறாங்க” என்றாள்.

சூப் என்றேன். என்ன சூப் என்று கேட்கச் சொன்னாளாம். தெரியாது, அப்பா வைப்பது என்றேன். ஷெரின் அதைச் சொன்னாள். கேட்டுவிட்டு, “மேம் இப்பவே கிளம்பி வராங்களாம்” என்று போனை வைத்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரியிலிருந்து வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். அவள் உள்ளே நுழைவாள், ஃபிளாஸ்கைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள், டாக்டரிடம் சொல்வாள். டாக்டர் அசந்துபோவார். ஷெரின் காலம் முழுக்க, எங்க மேம்தான் கண்டுபிடிச்சாங்க என்று சொல்லிக்கொண்டிருப்பாள். என் உடம்பு, என் இரத்தம், நான் காய்ச்சச் சொன்ன தண்ணீர். இதிலும் அவள்தானா என்று வந்தது எனக்கு. மணியை அழுத்தி நர்ஸைக் கூப்பிட்டேன். டாக்டரை உடனே வரச்சொல்லுங்க என்றேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் நான் அதைச் செய்யவில்லை. அவள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் செய்தேன்.

டாக்டர் வந்தார். நான் எழுந்து உட்கார்ந்து சொன்னேன். வையம்பட்டியிலிருந்து போனில் சொல்லி வரவழைத்த காளான் பொடி, வெந்நீரில் இறக்கியது, இவ்வளவு நாளாக, இவ்வளவு அளவு. காளானின் குளுக்கானும் பூஞ்சையின் குளுக்கானும் உங்கள் பரிசோதனைக்கு ஒன்றாகத் தெரியலாம் இல்லையா என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாதாரணமாக வயிற்றிலிருந்து அது அவ்வளவாக இரத்தத்துக்குள் போகாது என்றார். ஆனால் என் வாயைப் போலவே குடலும் உள்ளே புண்ணாகியிருக்கும், அந்த வழியாகப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். இதை மட்டும் நம்பி மருந்தை நிறுத்த முடியாது, நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், அந்தத் தண்ணீரை இந்த நிமிடத்தோடு நிறுத்துங்கள், மறுபடி இரத்தம் அனுப்புவோம் என்றார். எழுந்து போகும்போது, “நல்லவேளை சொன்னீங்க டீச்சர்” என்றார்.

ஷெரின் எழுந்து வெளியே போய்விட்டாள்.

வைதேகி வந்தபோது முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன, நெற்றியெல்லாம் வியர்வை. அவள் வாயெடுப்பதற்குள், டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன் என்றேன். அப்படியா என்று உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க் பக்கம் பார்க்கவே இல்லை.

“என்ன காளான்?” என்று கேட்டாள்.

“சிப்பி.”

“கொதிக்க வெச்சு வடிகட்டினியா?”

ஆமாம் என்றேன். அதுதானே நமக்குத் தெரிந்தது என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரிப்போடு கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. கையுறை போட்ட கையால் துடைக்க முடியாமல் அப்படியே விட்டாள்.

“ஒனக்குக் குடுக்கக்கூடாதுன்னு நெனச்சேன்னு தானேடி நெனச்சே? நெஜமாவே எனக்குத் தெரியலை ஜெசி. இத்தனை வருஷமா அதையே பார்த்துண்டிருக்கேன். ஒனக்கு அது நல்லது பண்ணுமான்னு கேட்டா எனக்குப் பதில் தெரியலை.”

அவளிடம் நிறைய இருக்கிறது, ஒளித்துவைத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் இருந்தது அவ்வளவுதான். இதைக் கேட்டதும் என் மனம் இளகிவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. இளகவில்லை. தெரியாது என்பதை இவ்வளவு பெரிய பேராசிரியையாக இருந்துகொண்டு சொல்ல முடிகிறதே என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது. ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் எடுக்கவில்லை.

ஷெரின் சாயங்காலம்தான் வந்தாள். நேராகக் கட்டில் முன்னால் வந்து நின்றாள். என்னைத் திட்டுவாள், மேம் பேச்சைக் கேட்டிருக்கலாமே என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறொன்று சொன்னாள்.

“மேம்கிட்ட கேட்டே. அவங்க தரலேன்னதும் வையம்பட்டிக்குப் போன் போட்டே. நான் பக்கத்துலயே தானேம்மா இருந்தேன்? தெனமும் லேப்ல அந்தக் காளானைத்தானே நான் எடை போட்டுட்டிருக்கேன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒனக்குத் தோணலியா?”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், நானும் வைதேகியும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் தான் ஒருத்தி அங்கே இருப்பதே எங்களுக்கு மறந்துபோகும், நாங்கள் பேசுவது புரியவேண்டும் என்பதற்காகவே தான் இந்தப் படிப்புக்கு வந்தது, தான் வந்த பிறகும் நான் வைதேகியைத்தான் கேட்கிறேன் என்றாள். குரல் உடைந்தது. அவளுக்கும் பொறாமை. இத்தனை நாளும் ஒரே ஆளைப் பார்த்து அம்மாவும் பெண்ணும் வெந்துகொண்டிருந்திருக்கிறோம்.

என் பிள்ளை அழுகிறாள், நான் காய்ச்சலில் கிடக்கிறேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நெஞ்சு ஸ்கேனில் பூஞ்சைக்கான அடையாளம் இல்லை. ஃபிளாஸ்கை நிறுத்திய பிறகு அனுப்பிய இரத்தத்தில் அளவு இறங்கியிருந்தது. வெள்ளை அணுக்களும் மெல்லத் தலைகாட்டின, காய்ச்சல் விட்டது, பூஞ்சை மருந்தை நிறுத்தினார்கள். அருள்தான் ரொம்ப உடைந்துபோனார். தன் கையாலேயே காய்ச்சிக் கொடுத்தேனே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்க என்னங்க பண்ணுவீங்க, நான்தானே பொய் சொன்னேன் என்று அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. தள்ளிப்போன கீமோவும் அதற்குப் பிறகானவையும் முடிந்தன. கடைசி ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை. இன்னும் சில வருடங்களுக்கு இடைவிட்டு இடைவிட்டுப் பார்க்கவேண்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. சிகிச்சையில் இருக்கும்போது பொடியோ கஷாயமோ சூப்போ, எதைக் குடித்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏன் குடித்தீர்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து படுத்திருந்தேன். ஷெரின் என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தான் பிரித்தெடுத்த குளுக்கானில் கிளைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாத விஷயங்கள்தான் அதிகம். நான் விட்டுவந்த பிறகு எவ்வளவோ நடந்திருக்கிறது. நான் கேள்வி கேட்டேன், அவள் பதில் சொன்னாள், சிலதற்கு யோசித்தாள். நடுவில் போன் அடித்தது. வைதேகி. அம்மாவோட பேசிட்டிருக்கேன் மேம், அப்புறம் கூப்பிடறேன் என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்கே விட்டேன் என்று என்னைக் கேட்டாள்.

கிளையில் விட்டாய் என்றேன். அந்தப் பக்கம் உத்திர வீதியில் வைதேகி போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எனக்கு அப்படியே தெரிந்தது. தலையணையை நிமிர்த்தி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.